முனிக்காட்டுச் சிலந்திகளும் மூன்றாவது மதிப்பீட்டாளரும்

பாளையங்கோட்டையில் கிளம்பும்போது உடுத்தியிருந்த அதே பருத்திச் சேலையோடு கேமரன் மலையில் வந்து இறங்கியது என் முதல் முட்டாள்தனம். காலைக் கீழே வைத்ததும் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கிவிட்டன. குளிரும் என்று எல்லோரும் சொன்னார்கள். மலேசியாவில் எங்கே குளிரப்போகிறது என்று நான்தான் எல்லோருக்கும் பாடம் எடுத்துவிட்டு வந்தேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுப்பவள். ஆராய்ச்சி செய்வது சிலந்திகளைப் பற்றி. அதனால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'சிலந்தி டீச்சர்'. ஓர் அறிவியல் இதழ்தான் என்னை இந்த மலைக்கு அழைத்திருந்தது. ஆய்வுக் கட்டுரை ஒன்று இதழில் வருவதற்கு முன்னால், அதே துறையில் இரண்டு மூன்று பேர் அதைப் படித்துப் பார்த்து, போடலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். எழுதியவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாது. படித்தவர் யார் என்று எழுதியவருக்கும் கடைசிவரை தெரியாது.

இப்படி மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏழெட்டுப் பணக்கார நாட்டு ஆட்களாகவே இருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்களையும் பெண்களையும் எப்படிச் சேர்ப்பது என்று பேசுவதற்காக ஒரு பட்டறை. அந்த இதழின் மதிப்பீட்டாளர் பட்டியலில் எங்கள் பக்கத்திலிருந்து நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, எதற்கு மறைப்பது?

வேன் ஓட்டி வந்தவர் நாற்பது வயதுத் தமிழர். கியா பார்ம் சந்தை வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். முன்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கார்கள் நின்றன.

"சனிக்கெழம லா டீச்சர். கோலாலம்பூர் காடியெல்லாம் மேல ஏறிடுச்சி. எறங்கிப் போயி சுட்ட சோளம் சாப்புட்டு வாங்க. நான் எங்கயும் போவ மாட்டேன். போவவும் முடியாது."

இறங்கினேன். சாலையோரக் கடைகளில் ஸ்ட்ராபெரி உருவத்தில் இல்லாத பொருளே இல்லை. தலையணை, குடை, செருப்பு, குழந்தைக்குத் தொப்பி, எல்லாம் சிவப்பு, எல்லாவற்றிலும் புள்ளி. சோளம் சுட்டுக்கொண்டிருந்த சீனத்து அம்மாவிடம் விலை கேட்டேன். மனம் அதுபாட்டுக்கு ரூபாயில் பெருக்கிப் பார்த்ததில் முகம் சுருங்கிவிட்டது போலிருக்கிறது. அந்த அம்மா பக்கத்திலிருந்த புருஷனிடம் ஏதோ சொல்ல, என் பின்னாலேயே வந்திருந்த வேன்காரர் சிரித்தார். என்ன சொன்னார் என்று விடாமல் கேட்டேன்.

"'இந்த அம்மா கேக்கத்தான் செய்வாங்க, வாங்க மாட்டாங்க'ங்குறாங்க."

சுருக்கென்று வந்துவிட்டது எனக்கு. ஆறு சோளம் வாங்கினேன். அடுத்த இரண்டு நாளும் என் பெட்டிக்குள்ளிருந்து சுட்ட சோளத்தின் வாசம் அடித்துக்கொண்டே இருந்தது.

வண்டிகள் நகரத் தொடங்கியபோது மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு தெரிந்தது, பிறகு அதுவும் மங்கியது. பள்ளத்தில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளையாக வந்து வந்து மறைந்தன. எங்கோ கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஊர் இருக்கிறது, ஆனால் இல்லை. பேசினால் எல்லாம் கலைந்துவிடும் போல எனக்கே பயமாக இருந்தது.

விடுதி அறையின் ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிட்ட செடிகள் மேட்டில் ஏறி, வளைந்து, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி, பனிக்குள் போய்விட்டன. பூச்சி வரும், சாத்தி வையுங்கள் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். பூச்சி வரட்டும் என்றுதானே திறந்தேன்! விளக்கைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் இரண்டு விட்டில்கள் வந்தன. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வேர்க்கடலை, ஓரமாக இரண்டு தோசை. தோசை பரவாயில்லை. சட்னி என்று வைத்திருந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

என் மேஜையில் மலாய்க்காரப் பேராசிரியை ஒருவர் உட்கார்ந்தார். எங்களைப் போலவே அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, சொந்தப் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர்தான். வெளிநாட்டு இதழ்களோ கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் கடிதம் எழுதுகின்றன.

"முப்பது வருடமாக உலகம் முழுவதும் என் அப்பாவுக்குத்தான் கடிதம் எழுதுகிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். "அப்பா ரப்பர் மரம் சீவியவர். அவரை இப்போது எல்லோரும் பேராசிரியர் என்கிறார்கள். இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்."

நானும் சிரித்தேன். 

என் பேச்சு பதினொரு மணிக்கு. இதழின் ஆசிரியர், தலை நரைத்த வெள்ளைக்காரர், நல்ல மனிதர், 'சிலந்தி டீச்சர்' என்ற பட்டப் பெயரையும் சொல்லி என்னை ஏகத்துக்குப் புகழ்ந்து மேடையில் ஏற்றினார். நானும் சும்மா இருக்கவில்லை. "ஒரு மண்ணைப் பற்றிய கட்டுரையை அந்த மண்ணைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பொய்யாகத் தெரிவது பக்கத்திலிருப்பவருக்கு உண்மை என்று தெரியும். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சவில்லை. நாங்கள் இல்லாமல் உங்களுக்குப் பாதி உலகம் தெரியாது என்கிறேன்" என்று விளாசித் தள்ளினேன். கைத்தட்டல் நிற்க நேரமானது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை.

"நான் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "தோட்டத்தில் மருந்தே அடிக்காத ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கே எத்தனை சிலந்திகள், மருந்தடித்த பக்கத்தில் எத்தனை என்று இரண்டு வருடம் எண்ணி ஒரு கட்டுரை எழுதினேன். மூன்று பேர் மதிப்பிட்டார்கள். இரண்டு பேர், சின்னத் திருத்தங்களோடு போடலாம் என்றார்கள். மூன்றாவது ஆள், சுற்றிலும் மருந்தடிக்கும் தோட்டத்தின் நடுவில் மருந்தடிக்காத துண்டு இருப்பது நம்பும்படி இல்லை, தோட்டத்தின் மருந்துப் பதிவேட்டைக் காட்டு, காட்டாவிட்டால் இதைப் போடக் கூடாது என்று எழுதிவிட்டார். அந்தப் பதிவேட்டை நான் காட்டினால் ஒருவருக்கு வேலை போய்விடும். கட்டுரை நிராகரிக்கப்பட்டது. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?"

'நம்பும்படி இல்லை' என்பது என்னுடைய வாக்கியம். கரண்ட் போன ஒரு சித்திரை மத்தியானத்தில், கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் தட்டச்சு செய்தது.

ஆசிரியரைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் குறிப்பேட்டில் எதையோ எழுத ஆரம்பித்தார். அவருக்குத் தெரியும். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஆசிரியருக்குத் தனியாக ரகசியக் கடிதம் எழுதலாம்" என்று மேடையிலிருந்து என்னவோ உளறினேன். அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

தேநீர் இடைவேளையில் அவளே கையில் ஒரு கறிபாப்போடு, அதாவது மசாலா அடைத்துப் பொரித்த பஃப்ஸோடு, வந்தாள்.

"மேடம், சாப்புடுங்க. என் பேரு ஜெசிந்தா. நீங்க பேசுனப்ப எனக்கு அழுகையே வந்துருச்சி. கட்டுரை கூட அனுப்புன லெட்டர்ல நான் கெஞ்சிக் கேட்டேன் மேடம், எங்க ஆளுங்களத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இதக் குடுங்கன்னு. யாருக்கும் குடுக்கல போல."

குடுத்தாங்கம்மா, எனக்குத்தான் குடுத்தாங்க என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் தன்னை வெளிப்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதிக்குள் நான் நன்றாகச் சுருண்டு படுத்துக்கொண்டேன். கறிபாப்பை முழுக்கச் சாப்பிட்டேன். ஒரு ருசியும் தெரியவில்லை.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும், நாலு வருடப் படிப்பு அவ்வளவுதான். மேல்முறையீடு செய்ய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பதிவேடு இல்லாமல் எதை வைத்து முறையிடுவது?

"நாளைக்கு வாங்க மேடம், செலந்திய நீங்களே பாக்கலாம். அம்மாவும் உங்களப் பாக்கணுங்குறாங்க. செலந்தி டீச்சர் வந்துருக்காங்கன்னு போன்ல சொன்னேன், கோழி வாங்கப் போயிட்டாங்க."

மூன்றாம் நாள் விடிந்ததே தெரியவில்லை, அப்படியொரு பனி. ஜெசிந்தாவின் பழைய கார் இரண்டு வளைவு ஏறியதும் மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி விட்டது. பனி எது, ஆவி எது என்று தெரியவில்லை. நாங்கள் சாலையோரம் நின்றோம். அரை மணியோ ஒரு மணியோ. அந்த மலையில் என் கைக்கடிகாரத்துக்கு ஒரு மதிப்பும் இருக்கவில்லை.

திரிங்காப்பிலிருந்து கோசும் பூவும் ஏற்றி வந்த லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "ரோசம்மாக்கா மவதானே நீ? ஏறு, ஏறு. அந்தம்மாவையும் ஏத்து. பூவ மட்டும் மடியில வச்சிக்குங்க, ஒடஞ்சா மொதலாளி என்னைய ஒடச்சிருவாரு."

மூன்று பேரும் நெருக்கியடித்து முன்னால் உட்கார்ந்தோம். மடி நிறைய மஞ்சள் சாமந்திக் கட்டுகள். குளிர்ந்த பூ வாசமும், டீசல் வாசமும், வெளியே ஒன்றுமே இல்லாத வெள்ளையும். இப்படியே எங்கும் போய்ச் சேராமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று ஆசைப்பட்டேன். போய்ச் சேர்ந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் இறக்கிவிட்டார். மேலே ஏறினோம். ஓரிடத்தில் பாதையோரம் ஏழு ஜோடி மஞ்சள் ரப்பர் பூட்சுகள் வரிசையாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்திலேயே ஜெசிந்தா தன் செருப்பைக் கழற்றினாள். நானும் கழற்றினேன். மண் சில்லென்றிருந்தது.

"இதான் மேடம் முனிக்காடு."

ஒரு தகரக் கூரை. அதன் கீழே குங்குமம் அப்பிய கல், ஒரு சூலம், வாடிய எலுமிச்சம்பழம், பாதி எரிந்த சுருட்டு. அதைச் சுற்றிலும் அரை ஏக்கர் தேயிலை. வெறுங்காலோடு ஏழு ஆண்கள் பேச்சில்லாமல் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வங்காளதேசத்துப் பிள்ளைகள் என்றாள்.

செடிகளைப் பார்த்தேன். வலைகள். ஒவ்வொரு செடியிலும் நாலு, ஐந்து. வட்ட வலை, கூடார வலை, இலையோடு இலையை இழுத்துத் தைத்த வலை. பனித்துளி ஏறி ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. செடித்தண்டுகளில் பாசி படர்ந்திருந்தது. பனி நகர நகர, சரிவு முழுவதும் வலைகளாகத் தெரிந்து, மறைந்து, திரும்பத் தெரிந்தது. முப்பது வருடமாக நான் சிலந்தி பார்க்கிறேன். இப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை. பாதைக்கு அந்தப் பக்கம், மருந்தடித்த வரிசையில், தேடித் தேடி ஒரே ஒரு வலை கண்டுபிடித்தேன். அதுவும் அறுந்திருந்தது.

"முனி எடத்துல விஷம் விழக் கூடாது மேடம். தாத்தா காலத்துலேருந்து யாரும் அடிக்கிறதில்ல" என்றாள் ஜெசிந்தா. "நாங்க வேதக்காரங்கதான், ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவங்கதான். ஆனா இங்க அடிக்க மாட்டோம். மேனேஜருங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. எல்லாருமே, எல்லா எடத்துலயும் அடிங்கன்னுதான் சொல்லுவாங்க. இங்க வந்ததும் மருந்தடிக்கிற ஆளுங்க டாங்கிய மூடிட்டு நடந்து போயிருவாங்க. புத்தகத்துல மட்டும் அடிச்சாச்சின்னு கோடு போட்டுருவாங்க."

"யாரு கோடு போடறது?"

"அம்மாதான். மருந்து கேங்குக்கு அம்மாதான் கங்காணி."

பதிவேட்டைக் காட்டு என்று நான் கேட்டது எதை என்று அப்போதுதான் விளங்கியது. காட்டியிருந்தால் கட்டுரை பொய்யாகியிருக்கும். அது பொய்யில்லை என்று நிரூபித்திருந்தால் அம்மாவின் வேலை போயிருக்கும்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? எங்கள் ஊரில் சுடலைமாடன் நிற்கிற இடத்தில் ஒரு சுள்ளி ஒடிக்க ஆள் வருவானா? மின்கம்பம் நட வந்தவர்களே தள்ளித்தானே நட்டுவிட்டுப் போனார்கள்! அந்தக் கட்டுரையில் 'முனிக்காடு' என்ற பெயர் இருந்தது. படித்தேன். படித்ததும் எனக்கு உறைத்தது ஒன்றே ஒன்றுதான்: எழுதியது தமிழ் ஆள்.

அங்கேதான் புத்தி கோணிக்கொண்டது. நம்ம ஆள் என்று விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று ஆசிரியர் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம். மற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவளிடம் நாலு கேட்டேன். நாலாவது கேள்விதான் பதிவேடு.

"ஜெசிந்தா, அந்த மூணாவது ஆள் நான்தாம்மா" என்றேன்.

அவள் ஒரு வலைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எழவில்லை. "நீங்களா?" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், "நீங்களா மேடம்?"

"நான்தான்."

"முனிக்காடுன்னு பேரப் போட்டதே உங்களுக்காகத்தான் மேடம். உங்களுக்குன்னா, உங்கள மாதிரி ஒருத்தருக்கு. மத்தவங்களுக்கு அது வெறும் பேரு. தமிழாளு பாத்தா ஏன் அடிக்கலன்னு நான் சொல்லாமலே புரிஞ்சிக்குவாங்கன்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு அந்த ரிப்போர்ட்டத் தமிழ்ல படிச்சிக் காட்டுனேன். இத எழுதுனது யாருன்னு கேட்டாங்க. எவனோ வெள்ளக்காரன்னு சொல்லிட்டேன். அப்படியே இருக்கட்டும் மேடம். அம்மா கோழியெல்லாம் வாங்கி வச்சிருக்காங்க."

அவமானத்தில் எனக்கு அங்கேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. பிறகு இரண்டு பேரும் கீழே இறங்கினோம். செருப்பை மாட்ட மறந்து, பாதி வழி போய்த் திரும்பி வந்தேன்.

தோட்டத்து ஆட்களின் லைன் வீடுகளில் ஒன்றின் வாசலில் ஜெசிந்தாவின் அம்மா ரோசம்மா நின்றார். என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவராக இருக்கலாம். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. "பசியாறியாச்சா டீச்சர்? அது ஆனா என்ன, ஆகாட்டி என்ன, வந்து உக்காருங்க" என்றார். ஊரெல்லாம் தேயிலை, ஆனால் அந்த வீட்டில் கொடுத்தது கறுப்புக் கோப்பி. தேத்தண்ணி பிடிக்காதாம். பிறகு சோறு, கோழிப் பெரட்டல், நெத்திலிச் சம்பல், கோசுப் பொரியல். பெரட்டலில் மிளகு தூக்கலாக, எங்கள் ஊர் ருசிக்கு அடுத்த வீடு மாதிரி இருந்தது.

ஆறு ஏழு கவளம் ஆகியிருக்கும். ரோசம்மா கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த வெள்ளக்காரன் ஒரு வாட்டி வந்து பாத்திருந்தா அப்படி எழுதியிருப்பானா டீச்சர்? உங்கள மாதிரி நம்மாளு ஒருத்தர் கையில போயிருந்தா எம்புள்ள இப்படி அலைய வேணாம்."

ஜெசிந்தா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"வெள்ளக்காரன் இல்லக்கா. அத எழுதுனது நான்தான்."

ரோசம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெள்ளக்காரன் நம்பலன்னா எனக்குக் கோவமில்ல. அவன் எங்களப் பாத்ததில்ல. நீங்க ஏன் நம்பல?"

"நம்ம ஆளு எழுதுனதுன்னு தெரிஞ்சதாலதான். சலுகை காட்டிட்டேன்னு மத்தவங்க சொல்லிருவாங்களோன்னு பயந்துட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பனி வாசல்வரை வந்து நின்றிருந்தது.

"எங்கப்பா சொல்லுவாரு" என்றார். "சொகமில்லன்னு லீவு கேட்டா தொர குடுத்துருவாராம். ஆபீசுல கணக்கெழுதுற கிராணி தமிழாளு, அவரு குடுக்க மாட்டாராம். நம்மாளுக்கு எளகிட்டான்னு தொர நெனச்சிருவாருன்னு பயம். நீங்க கிராணி வேல பாத்திருக்கீங்க டீச்சர்."

என் கல்லூரியில், என் துறையில், இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து, அந்த மேஜையிலேயே கைப்பேசியில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். என் அறிக்கை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆரம்பித்து, முனி, மருந்துப் புத்தகம், காரணம் என்று நீளமாக எழுதினேன். "தமிழ்ல படிங்க" என்றார் ரோசம்மா. வரி வரியாகச் சொன்னேன்.

"முனி வேணாம். புத்தகம் வேணவே வேணாம். நான் நேர்ல போனேன், பாத்தேன், மருந்து அடிச்ச எடம் இல்ல. இத எழுதுங்க, போதும்."

"நேர்ல போனேன்னு எழுதுனா நான் யாருன்னு கட்டுரை எழுதுனவங்களுக்குச் சொல்லிட்டேன்னு ஆயிரும்க்கா. அது விதிக்கு விரோதம். பட்டியல்லேருந்து என் பேர எடுத்துருவாங்க."

"ஐயோ, வேணாம் மேடம்" என்றாள் ஜெசிந்தா. ரோசம்மா நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடியே எழுதினேன். லைன் வீடுகள் பக்கம் சிக்னல் கிடையாது. மேட்டுக்கு ஏறி, வெள்ளையான ஒன்றுமில்லாததை நோக்கிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன். எப்போது போனது என்று தெரியவில்லை. பார்த்தபோது போயிருந்தது.

நாலாம் நாள் காலைச் சாப்பாட்டில் ஆசிரியர் என்னைத் தனியே அழைத்தார். முகத்தில் கோபமில்லை, சங்கடம்தான்.

"உங்கள் அறிக்கையை விலக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு. இரண்டுமே சாதகம். திருத்தங்களோடு ஏற்றுக்கொள்கிறோம், அந்தப் பெண்ணுக்கு இன்று கடிதம் போகும்" என்றார். "ஆனால் விதி விதிதான். உங்கள் பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது. வருத்தமாக இருக்கிறது, உங்கள் பகுதியிலிருந்து எங்களுக்கு நீங்கள் ஒருவர்தான்."

இந்த மலையிலிருந்தே ஆள் தேடுங்கள் என்றேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தேடுவாரா தெரியாது.

மத்தியானம் மலை இறங்கும்போது வேன்காரர் ரிங்லெட்டில் டீசல் போட நிறுத்தினார். கீழே அணைத் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. கைப்பேசி அடித்தது. ஜெசிந்தாவின் கூச்சலில் முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு அவள் அழுவதும் சிரிப்பதும் கலந்து கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஃபோன் கை மாறியது.

"கடுதாசி வந்துருச்சி டீச்சர்" என்றார் ரோசம்மா. "புள்ள தரையில நிக்கல. உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"என் பேர எடுத்துட்டாங்கக்கா."

ஐயோ பாவம் என்பார், இருக்கட்டும் விடுங்க என்பார் என்று காத்திருந்தேன்.

"அதுதான் சரி" என்றார்.